டீக்குப் போனவனுக்கு

என் ஆசை மாப்பிள்ளை வெங்கடாசலத்துக்கு, அடேய் மடையா,

"மிச்சத்தையும் எழுது மாமா" என்று போனில் சொன்னாய் அல்லவா? எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகுமா என்று எனக்குத் தெரியாது. போகாவிட்டால் போகட்டும். எழுதாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

இதை நானே எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதித் தரவில்லை. ஒரு வரி முடிப்பதற்குள் என் மகள் முத்துலட்சுமி அரிசி களைந்து உலையில் போட்டுவிடுகிறாள். போடட்டும். எழுத்து என்னுடையது. சுழி போட்டு, வளைத்து, கீழே இழுத்து விடும்போது, ஓடுகிற மிஷினில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுகிற மாதிரியே இருக்கிறது. ஒட்டியதும் ஒரு சந்தோஷம் வரும் பார், அதே சந்தோஷம். உன்மேல் இருக்கும் கோபத்தை எழுத உட்கார்ந்தால் இந்தச் சந்தோஷம் குறுக்கே வந்து கெடுக்கிறது.

இதை முடித்ததும் வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று பொன்மணி சொல்லிவிட்டாள். திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் மகள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் பெண். பெரியவர்களுக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறாள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். உன் கதையை நான் எத்தனை பொறுத்திருக்கிறேன்.

இராஜபாளையத்தில் நூல் மில்லில் நீயும் நானும் எதிரெதிர் மிஷினில் நின்றோம். முதல் நாளே நீ என்னை மாமா என்றாய், நான் உன்னை மாப்பிள்ளை என்றேன். உன் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ். பெண் கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஆனாலும் அந்த முறை நிலைத்துவிட்டது.

உனக்கு வாசிக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை, நோட்டீஸ் பலகையில் மானேஜர் ஒட்டிய தாள், எல்லாவற்றையும் நீதான் எனக்கு வாசித்தாய். பிரசவத்துக்குப் போயிருந்தபோது என் பெண்டாட்டி தன் அண்ணனைக் கொண்டு எழுதி அனுப்பிய கடிதத்தையும் நீதான் வாசித்தாய். வாசித்துவிட்டு மில் முழுக்கச் சிரித்தாய். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

இப்போது நினைத்தால் இன்னொரு கோபம் வருகிறது. நீ இருந்ததால்தானே நான் படிக்கவில்லை? பக்கத்திலேயே வாசிக்க ஒரு ஆள் இருக்கும்போது எவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டுவான்? உதவி செய்கிறேன் என்று என்னைக் கெடுத்தது நீ. நல்லவன் என்று ஊரெல்லாம் உன்னைச் சொல்கிறது. எனக்குத்தான் தெரியும் நீ செய்த காரியம்.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, கண்ணை மூடின பிறகு உன் மகள் வசந்தி உன்னைச் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போனவன் அங்கே பேசாமல் இருந்தாயா? தினமும் காலையில் மில் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போன் போடுவாய். கடைக்காரர் போனைச் சீனி டப்பாமேல் சாய்த்து வைப்பார். நான், கண்ணில் புரை விழுந்த சந்தனம், இன்னும் இரண்டு மூன்று பழைய ஆட்கள் சுற்றி உட்காருவோம். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து நீ எங்களுக்குப் பேப்பர் வாசிப்பாய். நடுநடுவே சத்தம் நின்றுபோகும். "சவத்துப்பய சிக்னலு" என்று சந்தனம் போன் கம்பெனிக்காரனை ஏசுவான். செத்த நேரத்தில் உன் குரல் திரும்ப வரும். விட்ட இடத்திலிருந்து வாசிப்பாய்.

அப்புறம் ஒரு நாள், "மாமா, ஒரு தடவை வந்துட்டுப் போ" என்றாய். டிக்கெட்டையும் வசந்தி எடுத்து அனுப்பிவிட்டாள்.

எழுத்துத் தெரியாத வயசாளிகளை விமானத்தில் தனியே அனுப்ப நம் ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நடக்க முடியாதவர் என்று சொல்லிவிடுவது. உடனே சக்கர நாற்காலியும் தள்ளுவதற்கு ஒரு ஆளும் வந்துவிடும். எந்தப் பலகையையும் வாசிக்க வேண்டாம், வழி தவறவும் தவறாது. மதுரையில் என்னை அப்படித்தான் உட்கார வைத்தார்கள். சதுரகிரி மலை ஏறி இறங்குகிற காலை வைத்துக்கொண்டு நான் நொண்டி மாதிரி போனேன். சிங்கப்பூரில் வெளியே வந்ததும் நீ கேட்டாய்: "ஏமிரா மாமா, கால் எங்கே? மதுரையிலயே விட்டுட்டு வந்துட்டியா?"

நான் எழுந்து நின்று உன்னைக் கட்டிப் பிடித்தேன். சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

"என்னலே இப்படி எளைச்சிட்ட?"

"ஏசிக் காத்து மாமா. ஒத்துக்கிடல."

நம்பினேன். உன் வாயிலிருந்து வந்ததை நான் என்றைக்கு நம்பாமல் இருந்திருக்கிறேன்? போர்டில் இராஜபாளையம் என்று நீ சொன்னால் இராஜபாளையம். மகாராஜபுரம் என்றால் மகாராஜபுரம்.

அந்த ஊரைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். சுத்தமான ஊர். ரயில் பூமிக்கு அடியில் போகிறது. வசந்தி என்னைத் தன் சொந்த மாமன் மாதிரி பார்த்துக்கொண்டாள். ஆனால் நீ? என் வாழ்நாள் முழுக்கச் செய்ததை அங்கே போய் நிறுத்திவிட்டாய். அந்த ஸ்டேஷனில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா?

"ஏலே மாப்ளே, இது எந்த இடம்னு போட்டிருக்கு?"

"நீயே பாரு மாமா."

"நான் என்னத்தப் பாக்க?"

"தமிழ்லயும் போட்டிருக்கான் பாரு. கடல் தாண்டி வந்திருக்கோம், இங்கயும் நம்ம எழுத்து தொங்குது. கவர்மெண்டு உன்னைய மதிக்குது. நீதான் அதை மதிக்க மாட்டேங்க."

"ஒனக்கு வாய் வலிக்காக்கும்?"

"கண்ணாடி கொண்டாரல."

"சட்டைப் பையில இருக்கது என்னதுலே? சோப்பு டப்பாவா?"

நீ சிரித்தாயே தவிர வாசிக்கவில்லை. அது போதாது என்று, திரும்பி வரும்போது ரயிலில் உட்கார்ந்ததும், "நான் செத்த கண்ண மூடுதேன். நம்ம ஸ்டேஷன் வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டாய். எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு இடத்திலும் கதவு திறக்கும், சனம் இறங்கும், ஏறும், கதவு மூடும். நான் பலகையைப் பார்ப்பேன், உன்னைப் பார்ப்பேன். உலுக்கினேன், நீ அசையவில்லை. கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கின பிறகு கண்ணைத் திறந்து, "தாண்டி வந்துட்டோமே மாமா" என்றாய்.

நான் போட்ட சத்தம் உனக்குத் தெரியும். மில் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை. அந்த அமைதியான ஊரில் ஸ்டேஷன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சீருடை போட்ட தமிழ்ப் பையன் ஒருவன் ஓடி வந்தான்.

"என்ன அங்கிள், சண்டையா? உதவி வேணுமா?"

"ஒண்ணுமில்ல தம்பி" என்றாய் நீ. "இவரு வாசிக்கப் படிச்சுக்கிட்டு இருக்காரு. அதான் சத்தமா வாசிக்காரு."

சிரித்தாய். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்போதும் நான் உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு என்ன தெரியும்? நீ சொன்னாயா?

மறுநாள் காலை நீ டீக்கடைக்குப் பேப்பர் வாசிப்பதை உன் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து வாசித்தாய். ஒரு செய்தி முடிந்ததும் போனில் எதையோ அமுக்கினாய். திரும்பி உட்கார்ந்து இருமித் தீர்த்தாய். தண்ணீர் குடித்தாய். திரும்ப அமுக்கிவிட்டு வாசித்தாய். அந்த நேரமெல்லாம் சந்தனம் அங்கே சிக்னலை ஏசியிருப்பான். போன் கம்பெனிக்காரன் பாவம். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"மருந்து சாப்பிடுதியாலே?" என்று கேட்டேன்.

"எல்லாம் சாப்பிடுதேன். நீ ஊர்ல போயி எவன்கிட்டயும் ஒளறாத" என்றாய். வசந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நீ அவளை ஒரு பார்வை பார்த்தாய். அவள் உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும் நாளில் நான் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரயிலில் என்னை அலையவிட்ட கோபம் அப்படியே இருந்தது. விமான நிலையத்தில் திரும்பவும் சக்கர நாற்காலி. என்ன கேவலம் பார் மாப்பிள்ளை. மலை ஏறுகிற நான் நாற்காலியில் உட்கார்ந்து போகிறேன். நிற்க முடியாத நீ நின்று வழியனுப்புகிறாய். இதை நினைக்கும்போதெல்லாம் உன்னை அடிக்க வேண்டும் போல் இருக்கிறது.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். நீ வாயை அசைத்தாய், ஒன்றும் கேட்கவில்லை. உடனே கையால் பேசினாய்.

வகுப்பில் உள்ளவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மில் ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் கையால் பேசுவோம். டீ குடிக்கப் போகிறவன் எதிர் மிஷின்காரனைப் பார்த்து டம்ளர் சாய்ப்பது போல் காட்டுவான். பிறகு கண்ணைத் தொட்டு, தன் மிஷினைப் பெருவிரலால் காட்டுவான். பார்த்துக்கோ என்று அர்த்தம். எதிரே நிற்பவன் கையைத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் அந்த மிஷின் அவன் பொறுப்பு. போனவன் வரும்வரை இழை அறுந்தால் அவன்தான் ஓடி ஓடிப் பிடிக்க வேண்டும். கை தூக்காமல் யாரும் போகக் கூடாது. கை தூக்கியவனும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. எங்களுக்கு இருந்த சட்டம் அவ்வளவுதான்.

நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டம்ளர் சாய்த்தாய். கண்ணைத் தொட்டாய். பெருவிரலால் என் பக்கம், ஊர் இருக்கும் பக்கம் காட்டினாய்.

டீக்குப் போகிறானாக்கும், கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். கோபத்தோடே கையைத் தூக்கினேன். நாற்காலி தள்ளிய பெண் நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவளும் உனக்குக் கை ஆட்டினாள். நீ தலையை ஆட்டினாய். நான் போய்விட்டேன்.

ஊருக்கு வந்ததும் வந்த வேகத்தில் பொன்மணி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எதற்கு என்று நினைக்கிறாய்? உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுவதற்கு. வாயால் திட்டினால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். எழுதினால் வாசித்துத்தானே ஆக வேண்டும்?

"மொதல்ல உங்க பேர எழுதப் பழகுவோமா தாத்தா?" என்று பொன்மணி கேட்டாள்.

"எம்பேரு கெடக்கட்டும் தாயி. மடையன்னு எப்படி எழுதணும்? அதைச் சொல்லு."

அவள் சிரித்துச் சிரித்துச் சொல்லித் தந்தாள். நான் முதன்முதலாக எழுதிய வார்த்தை அதுதான். அதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பினாள். நீ பதில் குரல் அனுப்பினாய். பாதி சிரிப்பு, பாதி இருமல். "வாசிச்சிட்டேன் மாமா, வாசிச்சிட்டேன். மிச்சத்தையும் எழுது." எத்தனை தடவை அதைப் போட்டுக் கேட்டேன் என்று முத்துலட்சுமியிடம் கேள்.

மிச்சத்தை எழுதிப் பழகுவதற்குள் ஒரு நாள் காலை டீக்கடையில் போன் வரவில்லை. சிக்னல் இல்லை என்றான் சந்தனம். மத்தியானம் வசந்தி கூப்பிட்டாள். "மாமா, அப்பா போயிட்டாரு. நுரையீரல்லதான் நோவு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு" என்று அழுதாள்.

அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை என்ன செய்வாள்? உன்னைத்தான் கேட்கிறேன். உனக்கு என்ன உரிமை? நான் உன் மாமன் இல்லையா? உன் நோயைச் சொல்லியிருந்தால் அந்த ரயிலில் உன்மேல் கத்தியிருப்பேனா? மடியில் சாய்த்துக்கொண்டு கடைசி ஸ்டேஷன் வரை போயிருப்பேன். அங்கிருந்து திரும்பவும் வந்திருப்பேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வந்திருப்பேன். கண்ணைத் திறந்து ஸ்டேஷன் பெயர் சொல் என்று கேட்டிருக்கமாட்டேன்.

உன்னைத் தூக்கவும் நான் இல்லை. உன்மேல் கோடித் துணி போடவும் நான் இல்லை. சந்தனத்தின் மகன் போனில் காட்டினான். உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள் நீ படுத்திருந்தாய். இதற்கா கடல் தாண்டி உன்னைப் பார்க்க வந்தேன்?

சரி. ஊர்ச் செய்தி சொல்கிறேன்.

திருவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் போன வாரம் நின்றுகொண்டிருந்தேன். கூடையோடு ஒரு பெண் வந்து, "ஐயா, மகாராஜபுரம் போற வண்டியா இது?" என்று கேட்டாள். என்னைக் கேட்டாள் மாப்பிள்ளை! உன்னைக் கேட்காமல் ஏறி, இராஜபாளையம் என்று நினைத்து மகாராஜபுரத்தில் போய் இறங்கினேனே, அந்த என்னைக் கேட்டாள். நான் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று வாசிக்க ஆரம்பித்தேன்.

"வெரசாச் சொல்லுங்கய்யா, வண்டி கெளம்புது!"

"இரு தாயி, இன்னும் ஒரு எழுத்து கெடக்கு."

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. "மகாராஜபுரந்தான், ஏறு!" என்று கத்தினேன். அவள் ஓடிப்போய் ஏறினாள். சன்னல் வழியே கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போல் இருந்தது. உடனே உனக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. உன்னை அந்த இடத்தில் வைத்துத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பொன்மணி வாசிப்பாள்.

டீக்கடைச் செய்தி. நீ போன பிறகு பேப்பர் வரும், பெஞ்சில் கிடக்கும். கடைக்காரர் டிவியைப் போட்டுவிடுவார். "சத்தமாத்தான் சொல்லுதான், ஒண்ணும் வெளங்கல" என்று சந்தனம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் அந்தப் பேப்பர் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. ஓடுகிற மிஷினில் இழை அறுந்து தொங்குகிறது, எதிரே நிற்கிறவன் வேடிக்கை பார்க்கிறான், அப்படி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, கண்ணாடிக்குப் பின்னால் நீ பெருவிரலால் எதைக் காட்டினாய் என்று. அந்த ரயிலில் எதற்குக் கண்ணை மூடினாய் என்றும்.

எடுத்தேன். டிவியை அமர்த்தச் சொன்னேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்ததை வாசித்தேன். அணையில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி. நான் முடிப்பதற்குள் எல்லோருடைய டீயும் ஆறிவிட்டது.

"நீ வாசிச்சு முடிக்கதுக்குள்ள தண்ணி கடல்ல போய்ச் சேந்துரும் அண்ணாச்சி" என்றான் சந்தனம்.

"ஒனக்கு வேணும்னா நீ வாசிலே."

"கோவப்படாத. எம்புட்டு நேரம் ஆனாலும் சரி, இன்னொண்ணு வாசி."

தினமும் வாசிக்கிறேன். நீ வாசிக்கிற மாதிரி ஏற்றி இறக்கி வாசிக்க வரவில்லை. எழுத்து அறுந்து அறுந்து போகிறது. ஓடி ஓடிப் பிடிக்கிறேன். எனக்குப் பிறகு நீ வாசி மாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆகட்டும் என்றிருக்கமாட்டேனா? என்னை ஏமாற்றிக் கை தூக்க வைத்துவிட்டுப் போய்விட்டாய். கோபம் ஆறவில்லை மாப்பிள்ளை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். தூக்கிய கையை நான் இறக்கமாட்டேன். எனக்கும் ஒரு நாள் டீக்குப் போகிற நேரம் வரும். அன்றைக்கு எவனையாவது பக்கத்தில் உட்கார வைத்து, இன்ன நோய், இன்ன காரியம் என்று வாயால் சொல்லி, அவன் அறிந்து கை தூக்கின பிறகுதான் எழுந்திருப்பேன். உன்னை மாதிரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு போகமாட்டேன். அதுவரை உன் மிஷின் நிற்காது.

இப்படிக்கு,
கை தூக்கிய உன் மாமன்,
கருப்பையா.
(கையெழுத்து நானே போட்டது.)